கிணற்றடியில் இறக்கிய கம்பி

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்துறை
5.1.1978

இஞ்சாருங்கோ என்று இங்கிருந்து கூப்பிட்டால் கொழும்பில் கேளாத என்ர அவருக்கு,

வெட்கத்தை விட்டு முதலில் இதைச் சொல்லிப்போடுகிறேன். நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் அனுப்பின நீலச் சேலை எரிந்துபோயிற்று. முழுக்க இல்லை, தலைப்பில் ஒரு கை அகலம். அதை உடுத்துக்கொண்டு போத்தல் விளக்கோடு பின் கொட்டிலுக்குள் போனேன், மெஷினைப் பார்க்க. தலைப்பு விளக்கில் தொட்டதை நான் காணவில்லை, மணம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய்க் கோழிக்கு வைத்த தண்ணீர்ச் சட்டிக்குள் அப்படியே குந்திவிட்டேன். கண்டது கோழிகள் மட்டும்தான். எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் பெருநாளுக்கு வந்து சேலை எங்கே என்று கேட்பீர்கள்.

தம்பி குருசுமுத்து யாழ்ப்பாணத்தில் எடுத்துத் தந்த மிளகாய் அரைக்கிற மெஷின் சாக்கு மூடினபடி கிடக்கிறது. வீட்டில் கரண்ட் இருக்கிறது, கொட்டிலில் இல்லை. தூள் அரைக்கவென்று பெண்டுகள் பெட்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வயர்மன் பத்திநாதரின் மனுசி விளக்கோடு நிற்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

உங்கள் போன கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள், அதனால் எல்லாச் சொல்லும் நன்றாகப் பதிந்துவிடும். நீங்கள் தங்கியிருக்கிற வீட்டு மாக்கிறேற் அக்காவின் பின்பக்கச் சமையல் குசினிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று தனியாக ஒரு சுவிட்ச் போட் வைத்து லைற்றும் பிளக்கும் போட்டுக் கொடுத்தீர்களாம். அவ சொதி வைத்துத் தந்தாவாம். சொதிக்குள் என்ன மீன் என்றும் எழுதியிருந்தீர்கள். நல்ல மனம் உங்களுக்கு. அந்தக் குசினியில் இப்போது வெளிச்சம் காணுமோ? மாக்கிறேற் அக்காவுக்கு என்ன வயது? சும்மாதான் கேட்கிறேன், செபத்தில் சேர்த்துக்கொள்ள.

எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. உங்களை வரச் சொல்லவில்லை. எப்படிச் செய்கிறது என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தலைப்பு எரிந்த மேரிஜோசப்பின்

*

கொட்டாஞ்சேனை
23.1.1978

அன்புள்ள மேரிஜோசப்பினுக்கு,

ஆண்டவர் துணையால் நான் நலம். உமது முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீரா? பதில் எழுதப் பிந்திவிட்டது. இங்கே புதுக் கட்டடத்தில் வேலை கூடிவிட்டது. சேலை போனால் போகட்டும், உடம்பில் படாமல் விட்டதே போதும்.

உயிர்த்த ஞாயிறு வரை எனக்கு லீவு கிடையாது. கொட்டில் வேலையை நான் வந்து செய்வேன். அதுவரை வீட்டு யன்னலால் வயரை இழுத்து மெஷினை ஓட்ட வேண்டாம். வீட்டு லைற் வயர் அந்த மோட்டரைத் தாங்காது. வயர் சூடேறினால் முதலில் பிடிப்பது கிடுகுக் கூரைதான்.

அக்காவின் குசினியில் பழைய வயரை எலி அரித்து வைத்திருந்தது. கண்டும் காணாமல் இருக்க ஏலாது. வேறொன்றுமில்லை.

வெளியாட்களை வேலைக்குப் பிடிக்க வேண்டாம். தீவுப் பக்கம் வயர் வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
பத்திநாதர்

*

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்துறை
28.1.1978

உயிர்த்த ஞாயிற்றில் உயிர்த்து வரப்போகிற என்ர அவருக்கு,

உங்கள் சுகம் கண்டு சந்தோசம். எண்ணெய் பூசுகிறேன். ஆள் பிடிக்க வேண்டாம் என்று எழுதின கடிதம் வர முதல் ஆள் வந்துவிட்டது. என்ன செய்கிறது, தபாற்காரன் நடந்து வருகிறவன், சவிரிமுத்து சைக்கிளில் வருகிறவர்.

மண்டைதீவுச் சவிரிமுத்துதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்களுக்கு முதல் எனக்குக் கலியாணம் பேசி வந்து, அப்புவும் அவருடைய தகப்பனும் கரைவலை இழுக்கிற இடத்துக்காகச் சண்டை பிடித்ததால் நின்றுபோன அதே ஆள். இப்போது தீவுகள் எல்லாம் போய் வயர் வேலை செய்கிறார். தலைமயிர் ஒன்றும் கொட்டவில்லை.

தம்பிதான் கூட்டிக்கொண்டு வந்தவன். வந்தவர் தேத்தண்ணி குடித்தார், வீட்டுக்கும் கொட்டிலுக்கும் இடையில் காலடி வைத்து அளந்தார், மெஷினின் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

“மேரி, வீட்டு வயரில இதைக் கொழுவினா ரெண்டும் போகும். கொட்டிலுக்கெண்டு தனி போட் வேணும்” என்றார். நீங்கள் எழுதினதும் அதுதானே. படித்தவர்கள் ஒரே மாதிரித்தான் கதைப்பீர்கள் போல.

பிறகு உங்களைக் கேட்டார். “பத்தி அண்ணைக்கு இது இடக்கை வேலையெல்லே” என்றார். ஓம், அவருக்கு இப்போது இரண்டு கையும் கொட்டாஞ்சேனையில் என்று சொன்னனான்.

மாக்கிறேற் அக்காவின் வயதை எழுத மறந்துபோனீர்கள். பாசையூரிலிருந்து மகள் வந்து போனாள், அப்பாவுக்குச் சுகம் சொல்லச் சொன்னவள். முட்டைக்கோழி ஒன்று அடைகிடக்கிறது.

இப்படிக்கு,
மேரி

*

கொட்டாஞ்சேனை
31.1.1978

அன்புள்ள மேரிஜோசப்பினுக்கு,

உமது கடிதம் இன்று காலை கிடைத்தது. இன்றே எழுதுகிறேன். நலம்.

வேலை தொடங்கிவிட்டதென்றால் இனி நிற்பாட்டச் சொல்லவில்லை. ஆனால் கீழே எழுதுவதை அவருக்கு வாசித்துக் காட்டும். அவர் கையில் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம், நீரே வாசியும்.

வீட்டு மெயின் போட்டிலிருந்து கொட்டிலுக்குப் போகிற வயருக்குத் தனிப் பியூஸ் வேண்டும். வயர் தடிப்பானதாக இருக்க வேண்டும். நிலத்துக்கு மேலே தொங்கவிடக் கூடாது, குழாய்க்குள் விட்டுப் புதைத்து, மேலே பழைய ஓடுகளைப் பரவி மூட வேண்டும். நாளைக்கு யாரும் மண்வெட்டி போட்டால் ஓட்டில் பட்டு நிற்கும். கொட்டில் போட்டுக்கு அங்கேயே ஒரு மெயின் சுவிட்ச் வேண்டும், மெஷினடியில் நிற்பவர் ஓடிவந்து வீட்டில் நிற்பாட்ட நேரம் இராது. லைற்றுக்கு ஒரு பியூஸ், மெஷினுக்கு ஒரு பியூஸ். பியூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றிப் போடுகிற பழக்கம் அவருக்கு இருந்தால் அது இங்கே வேண்டாம். நியூட்ரல் கம்பியையும் எர்த் கம்பியையும் கொட்டில் போட்டில் ஒன்றாகக் கட்டக் கூடாது.

எர்த்துக்கு வீட்டுக் கம்பியை நம்ப வேண்டாம், அது பழசு, உப்புக் காற்றில் அரித்துப்போயிருக்கும். கொட்டிலுக்கென்று தனிக் கம்பி நிலத்தில் இறக்க வேண்டும். ஈரம் உள்ள நிலமாகப் பார்க்க வேண்டும். இதுதான் முக்கியம். மெஷினில் எங்காவது கரண்ட் கசிந்தால் அந்தக் கம்பியால் நிலத்துக்குப் போய்ப் பியூஸ் அறுந்துவிடும். நிலம் காய்ந்திருந்தால் போகாது. மெஷினைத் தொடுகிற ஆளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்.

வேலை நடக்கும்போது வீட்டுப் பியூஸைக் கழற்றி நீர் உமது மடியில் வைத்துக்கொள்ளும். யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது. பகலில் மட்டும் வேலை. குருசுமுத்து கூட நிற்கட்டும், ஏணி பிடிக்க ஆள் வேண்டும்.

வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக்காரியை அம்மா என்றோ அக்கா என்றோ சொல்வதுதான் எங்கும் வழக்கம். அவருக்குக் குடும்பம் இருக்கிறதா?

பத்திநாதர்

*

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்துறை
9.2.1978

ஒரே நாளில் பதில் எழுதப் பழகிவிட்ட என்ர அவருக்கு,

நேற்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து தவக்காலத்தைத் தொடங்கியாயிற்று. நீங்களும் கோயிலுக்குப் போயிருப்பீர்கள், மாக்கிறேற் அக்காவும் வந்திருப்பா. இருவருக்கும் சுகம் கேட்கிறேன்.

கடிதம் முழுவதையும் எழுத்துக் கூட்டிச் சவிரிமுத்துவுக்கு வாசித்துக் காட்டினேன். மனுசன் சுவரில் சாய்ந்து நின்று பிரசங்கம் கேட்கிற மாதிரிக் கேட்டார். அம்மா அக்கா வரும் இடத்தை மட்டும் நான் வாசிக்கவில்லை, எழுத்து விளங்கவில்லை.

சொன்னபடி எல்லாம் நடக்கிறது. குழாயைப் புதைத்து மேலே ஓடு பரவியாயிற்று. கொட்டிலில் போட் ஏறிவிட்டது, சின்னது, மாதா படம் மாதிரி வடிவாக இருக்கிறது. பியூஸ் என்ர மடியில்தான். சவிரிமுத்துவுக்குக் கரண்ட் தேவைப்படுகிற நேரமெல்லாம் என்னிடம் வந்து கை நீட்ட வேண்டியிருக்கிறது. நான் எடுத்துக் கொடுக்கிறேன். பிறகு திரும்ப வாங்கி மடியில் வைக்கிறேன். உங்கள் யோசனை நல்ல யோசனை.

தம்பி ஏணி பிடிக்க ஒரு நாள் நின்றான். மற்ற நாட்களில் கடலுக்குப் போகவேண்டும் என்றான். ஏணி விழவில்லை.

எர்த் கம்பிதான் தகராறு. எங்கள் வளவு முழுக்கக் கல்லு, அலவாங்கு போட்டால் கையில் திருப்பி அடிக்கிறது. ஈரம் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் என்று சவிரிமுத்து சொல்கிறார், கிணற்றடி. குளிக்கிற தண்ணீர் வாழைக்கு ஓடுகிற இடத்தில், கிடுகு மறைப்புக்கு உள்பக்கம். அங்கே குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டுக் கம்பியை இறக்க வேண்டுமாம். கல்லுக்குள் வெட்டுகிறதென்றபடியால் சில நாள் அவர் மறைப்புக்குள் நின்று வேலை செய்வார். குழி எப்போதும் நனைந்தபடி இருக்க வேண்டுமாம். நான் குளிக்கக் குளிக்க எர்த் நன்றாக வேலை செய்யும் என்கிறார். இப்படி ஒரு பிரயோசனம் என்னால் கரண்டுக்கு உண்டென்று நான் இவ்வளவு காலமும் அறியவில்லை.

நாளைக்குத் தொடங்கச் சொல்லவா என்று கேட்டார். அவரைக் கேட்டு எழுதிச் சொல்கிறேன் என்றேன்.

இப்படிக்கு,
மடியில் பியூஸோடு மேரி

*

கொட்டாஞ்சேனை
11.2.1978

மேரிஜோசப்பினுக்கு,

கிணற்றடியில் வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிடும். கொட்டிலுக்குப் பின்னால், பனைக்குக் கீழே இறக்கச் சொல்லும். அது போதும். வேலையை விரைவில் முடித்து அனுப்பும்.

பத்திநாதர்

*

கொட்டாஞ்சேனை
21.2.1978

அன்புள்ள மேரிஜோசப்பினுக்கு,

பதில் இல்லை. சுகமில்லையா? முழங்காலா? வேலை முடிந்ததா? எர்த் கம்பி எந்த இடத்தில் இறங்கியது என்று மட்டுமாவது எழுதும்.

பத்திநாதர்

*

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்துறை
27.2.1978

சுகம் கேட்க மறந்து, பிறகு ஞாபகம் வந்த என்ர அவருக்கு,

சுகமாய் இருக்கிறோம். எழுத நேரம் இல்லை. நாங்கள் இப்போது மெஷின்காரர்.

கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்போது உப்பில்லாமல் இருந்தது என்று இருந்து யோசித்தேன். ஆனாலும் புருசன் சொல், தட்ட ஏலாது. கடிதத்தை இந்த முறை வாசிக்காமல் சவிரிமுத்துவின் கையிலேயே கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். “இது பத்தி அண்ணை எழுதினதோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். “பனைக்குக் கீழயோ?” என்று திரும்பவும் கேட்டார். ஓம் என்றேன். கடிதத்தை நாலாய் மடித்துத் தந்துவிட்டு அலவாங்கை எடுத்துக்கொண்டு போனார்.

பனையடியில் ஒரு முழம் போய்க் கம்பி நின்றுவிட்டது. அதற்குக் கீழே பாறை. மண் மா மாதிரிக் காய்ந்து கிடந்தது. லைற்றுகளைப் பூட்டிவிட்டு, மெஷினுக்குரிய வயரைச் சுற்றி ஆணியில் கொழுவினார். ஏன் என்றேன். “மேரி, லைற்றைப் போடும். மெஷினைத் தொடாதையும். நான் அண்ணைக்குக் கடிதம் எழுதி ஆலோசிக்கிறன்” என்று சொல்லிப் போனவர். உங்களுக்கு எழுதினாரோ தெரியாது. அவருக்கு எழுத்து வேலை வராது, என்னைப்போல.

பெண்டுகள் பெட்டியோடு வந்து இருந்துவிட்டார்கள். தம்பி வந்து, இதென்ன ஒரு முடிச்சுத்தானே என்று மெஷின் வயரைத் தானே கொழுவி ஓட்டிவிட்டான். நல்லாக ஓடுகிறது. தூள் பட்டுப்போல. ஒரு சின்னப் பகிடி மட்டும் இருக்கிறது. மெஷினின் தகரத்தைத் தொட்டால் கையில் எறும்பு ஓடுகிற மாதிரி ஒரு கூச்சம். கால் நனைந்திருந்தால் எறும்பு முழங்கை வரைக்கும் வரும். பெண்டுகள் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முழங்கால் வலிக்கு நல்லது என்று ஒருத்தி சொன்னாள். நான் இப்போது பலகை ஒன்றைப் போட்டு அதில் ஏறி நின்றுதான் அரைக்கிறேன். மழைக்குணமாய் இருக்கிறது, கூரை கொஞ்சம் ஒழுகும்.

ஒன்று கேட்க வேண்டும். மாக்கிறேற் அக்காவின் குசினிக்கு எர்த் கம்பியை எங்கே இறக்கினீர்கள்?

இப்படிக்கு,
மேரி

*

தந்தி
கொழும்பு, 1.3.1978

மெஷினைத் தொட வேண்டாம். பியூஸைக் கழற்று. ஒருவரையும் கிட்ட விடாதே. சவிரிமுத்துவைக் கூப்பிடு. கிணற்றடி. பத்திநாதர்.

*

கொட்டாஞ்சேனை
1.3.1978

அன்புள்ள மேரிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்ததும் பியூஸைக் கழற்றியிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அது பகிடி இல்லை. அந்த மோட்டருக்குள் எங்கோ கரண்ட் கசிகிறது. எர்த் சரியாய் இருந்தால் முதல் நாளே பியூஸ் அறுந்து மெஷின் நின்றிருக்கும். பனையடியில் அது போக வழியில்லை. எறும்பு முழங்கை வரைக்கும் வந்தது என்று எழுதியிருந்தாய். கூரை ஒழுகுகிறது, மழை வரப்போகிறது என்றும் எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரியையும் வேலைத்தலத்தில் நின்று வாசித்தேன். ஏணியை அங்கேயே விட்டேன். தந்தி அடிக்கத் தபாற்கந்தோருக்கு ஓடினேன்.

மாக்கிறேற் அக்காவின் குசினியில் எர்த் கம்பியைச் சட்டி கழுவுகிற குழாயடியில் இறக்கினேன். அங்கேதான் ஈரம் இருந்தது. எங்கே இறக்குவதென்று யோசிக்கவே இல்லை. அவவுக்கு என்ன வயது என்று கேட்டிருந்தாய். நான் அவவைக் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று ஒருநாளும் தோன்றவில்லை.

பனையடி என்று எழுதினது வயர்மன் எழுதினது இல்லை. சவிரிமுத்துவுக்கு அது கடிதத்தைப் பார்த்ததுமே விளங்கியிருக்கும். உனக்கு அதற்கு முதலே விளங்கியிருக்கும்.

கிணற்றடியிலேயே இறக்கச் சொல். கரியும் உப்பும் போடட்டும். கல்லென்றால் எத்தனை நாள் செல்லுமோ அத்தனை நாளும் அவர் அங்கே நிற்கட்டும். அவர் பூட்டி, சோதித்துச் சரி என்று சொல்லும்வரை மெஷினுக்குக் கிட்டப் போகாதே.

பத்தி

*

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்துறை
9.3.1978

என்ர அவருக்கு,

தந்தி வந்த கதையை முதலில் கேளுங்கோ. தந்திக்காரன் படலையில் சைக்கிளை நிறுத்தினதுதான், பக்கத்து வளவுகள் எல்லாம் எழும்பிவிட்டன. தந்தி என்றால் செத்தவீடுதானே. ஒருத்தி வந்து என்ர தலையைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி தொடங்கிவிட்டாள், நீங்கள் எவ்வளவு நல்லவர் என்று. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன், நன்றாய்த்தான் சொன்னாள். தம்பி வந்து தந்தியை உரக்க வாசித்தான். கிணற்றடி என்ற சொல்லை ஊரே இன்னும் ஆராய்கிறது.

பியூஸை உடனே கழற்றினேன். அது பிறகும் என்ர மடியில்தான் கிடந்தது. அன்றைக்குப் பின்னேரம் மழை பெய்தது. கொட்டில் ஒழுகி, நான் நின்று அரைத்த பலகை தண்ணீரில் மிதந்தது. அதை வாசலில் நின்று பார்த்தேன். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

சவிரிமுத்து மறுநாளே வந்துவிட்டார். தம்பிக்கு நல்ல பேச்சு. கிணற்றடியில் கம்பி இறங்கிவிட்டது, ஆள் உயரத்துக்கு. பூட்டிவிட்டு என்னிடம் பியூஸை வாங்கிப் போட்டு மெஷினை முடுக்கினார். டப் என்று பியூஸ் அறுந்துவிட்டது. பழுதாக்கிப்போட்டாரே என்று நினைத்தேன், அவர் முகம் சந்தோசமாய் இருந்தது. “இப்பதான் எர்த் வேலை செய்யுது. அண்ணைக்கு எழுதும்” என்றார். மோட்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு வயரின் தோல் உரிந்து தகரத்தில் பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அதைத் திருத்தியாயிற்று. இப்போது எறும்பு இல்லை. வெறுங்காலோடு நின்று அவர்தான் முதலில் தொட்டுக் காட்டினவர், பிறகு நான்.

நீங்கள் கேட்டு நான் எழுத மறந்த சங்கதிகள் சில இருக்கின்றன. சவிரிமுத்துவுக்கு மனுசியும் ஐந்து பிள்ளைகளும். மனுசி எல்லா நாளும் சோறு கட்டி அனுப்புகிறவள், எனக்கும் சேர்த்து. வேலை தொடங்கின நாளிலிருந்து நான் தம்பி வீட்டுக் கிணற்றில்தான் குளிக்கிறேன். இங்கே எர்த்துக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினதும் சவிரிமுத்துதான்.

இதை முந்தியே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் பனையடி வந்திராது. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் குசினியில் நின்றீர்கள், நான் இங்கே போத்தல் விளக்கோடு நின்றேன். சொதிக்குள் விளைமீன் என்று எழுதினீர்கள். எனக்கு அந்த மீன் தொண்டையில் நின்றது. அதுதான்.

வயதைக் கேட்க வேண்டாம். இனி அறியத் தேவையில்லை.

இப்படிக்கு,
மேரி

*

கொட்டாஞ்சேனை
14.3.1978

அன்புள்ள மேரிக்கு,

கடிதம் கண்டேன். மிச்சத்தை வந்து சொல்கிறேன். லீவு கிடைத்துவிட்டது. பெரிய வியாழன் காலை மெயில் ரெயினில் வந்து இறங்குவேன்.

சவிரிமுத்துவுக்கு என் நன்றியைச் சொல். வேலை சரியாகத்தான் இருக்கும். என்றாலும் எர்த் குழியை நான் பார்க்கும்வரை மூட வேண்டாம் என்று சொல். நான் வந்து ஒரு முறை பார்த்த பிறகு மூடலாம். வயர்மன் என்ற முறையில்தான் சொல்கிறேன்.

சொதிக்கு இங்கே தேங்காய் ருசி இல்லை. உன் கையால் வைத்தது போல வராது. இதை முதலே எழுதியிருக்க வேண்டும்.

பத்தி

*

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்துறை
29.3.1978

மதிப்புக்குரிய மாக்கிறேற் அக்காவுக்கு,

உங்களுக்கும் வீட்டிலுள்ளவர்களுக்கும் உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உண்டாவதாக. நான் உங்கள் வீட்டில் தங்கியிருக்கிற பத்திநாதரின் மனுசி மேரிஜோசப்பின். உங்களைக் கண்டதில்லை, ஆனால் உங்கள் குசினியை நன்றாய்த் தெரியும்.

அவர் திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டியவர், வர ஏலவில்லை. வேலைத்தலத்துக்கு ஆளனுப்பிச் சொல்லிவிட்டால் பெரிய உதவி. என்ன நடந்தது என்று கேட்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைக் கால்சட்டையோடு வந்தார். நானும் கூட, தலைப்பை வெட்டி ஓரம் அடித்த நீலச் சேலையோடு. சவிரிமுத்து என்ற வயர்மனும் மனுசியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். இவர் கொட்டில் போட்டைத் திறந்து பார்த்தார், பியூஸைப் பார்த்தார், எல்லாம் சரி என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வியாழக்கிழமையிலிருந்து எல்லா நாளும் அப்படித்தான் பார்த்து ஆட்டுகிறார். பிறகு சவிரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். குழியைத் தான் பார்க்கும்வரை மூட வேண்டாம் என்று அவர்தான் எழுதியிருந்தவர். வந்த பிறகும், இன்னும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று மூட விடவில்லை. எர்த் வயர் சுவரில் நேராய் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அண்ணாந்தபடி பின்னுக்குப் போனார். “அண்ணை, பின்னுக்குக் குழி” என்று சவிரிமுத்து சொன்னார். “எனக்குத் தெரியும்” என்று இவர் சொன்னார்.

முழங்கால் அளவுக்குத்தான். ஆனால் குளித்த தண்ணீரும் கரியும் உப்பும். கணுக்கால் சுளுக்கிவிட்டது. சவிரிமுத்து தூக்கி வெளியே எடுத்தார். கால்சட்டையின் கரி போகாது.

அவர் இன்னும் ஒரு கிழமையாவது இங்கே இருப்பார். விளைமீன் சொதிக்கு நீங்கள் வெந்தயம் எப்போது போடுகிறீர்கள் என்று எழுதினால் நல்லது.

குழியை மூடியாயிற்று.

இப்படிக்கு,
மேரிஜோசப்பின் பத்திநாதர்